ஆயிரம் அரைஞாண்

செம்மேட்டு நாட்டுக்கும் அக்கரை நாட்டுக்கும் நடுவில் ஓர் ஆறு ஓடியது. அது யாருக்குச் சொந்தம் என்று இரண்டு அரசர்களுக்கும் மூன்று தலைமுறையாகச் சண்டை. ஆறு அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இரு கரையிலும் ஒரே பேச்சு. ஆண்பிள்ளை பிறந்தால் இடுப்பில் அரைஞாண் கட்டும் வழக்கமும் ஒன்றே. போரில் கொன்றவன், செத்தவனின் அரைஞாணை அறுத்து வந்து காட்டவேண்டும் என்பதும் இரு நாட்டுக்கும் பொதுவான சட்டம்.

அந்தக் கயிறுகளைச் சரிபார்க்கச் செம்மேட்டில் ஒரு சாவடி இருந்தது. அழகியநாச்சிக்கு அங்கேதான் வேலை. கயிறு திரிக்கும் குடும்பத்துப் பெண், புருஷன் இல்லை. ஒரே மகன் சேந்தனைப் போன சித்திரையில் படைக்கு இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள். எதிரியின் கயிறானாலும் அவள் தூக்கி எறியமாட்டாள். இதையும் ஒருத்தி உட்கார்ந்து கட்டிவிட்டிருப்பாளே என்று மடியில் வைத்துத்தான் எண்ணுவாள்.

அந்த ஆண்டு அடலேறு என்ற வீரர் ஒரே பகலில் ஆயிரம் பேரைக் கொன்றதாகச் செய்தி வந்தது. பகலுக்கு முப்பது நாழிகை. நாழிகைக்கு முப்பத்துமூன்று பேர். மனிதர் எப்போது தண்ணீர் குடித்தார் என்று கேட்க அரசவையில் ஆள் இல்லை. அவர் அனுப்பிய மூட்டையைச் சரிபார்க்க வெற்றித்துறை அமைச்சர் பரஞ்சுடரே சாவடிக்கு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"நானூத்திப் பன்னெண்டுதான் இருக்கு ஐயா. அதுலயும் பாதி அறுந்த துண்டு" என்றாள் அழகியநாச்சி.

"துண்டும் கயிறே. மேலும், அடலேறுவின் கர்ச்சனையைக் கேட்டே மாண்டவர்கள் உண்டு. அவர்களின் கயிற்றை அவர் எங்ஙனம் அறுப்பார்? ஆயிரம் என்பது அரசரின் திருவாய் மலர்ந்த எண். மூட்டைதான் அதற்கு ஒத்துவர வேண்டும்."

ஆணைகள் வரிசையாகப் பிறந்தன. ஒருவரே ஆயிரம் பேரைக் கொல்லும்போது மற்றவர்களுக்கு எதற்கு முழுச் சோறு என்று படைக்குப் போகும் அரிசியைப் பாதியாக்கினார்கள். அப்படிப்பட்ட வீரர் காக்கும் படையில் சாவு என்பதே கிடையாது என்று அடுத்த ஆணை. ஆகவே செம்மேட்டில் ஒப்பாரி வைப்பது துரோகம் ஆயிற்று. பிள்ளையிடமிருந்து சேதி வராத தாய்மார்கள் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு அழுதார்கள்.

அடியில் சிக்குண்டு கிடந்த துண்டுகளையும் பிரித்து எண்ணச் சொல்லி அமைச்சர் மீண்டும் வந்து உட்கார்ந்திருக்க, அழகியநாச்சி மூட்டையின் அடியில் கைவிட்டாள். விரலில் ஒரு புளியங்கொட்டை தட்டுப்பட்டது.

சேந்தன் குழந்தையாக இருந்தபோது அரைஞாணில் வெள்ளி மணி கோக்க அவளுக்கு வக்கில்லை. அழுத பிள்ளைக்குப் புளியங்கொட்டையைத் துளைத்துக் கோத்துவிட்டாள். அவன் வளர வளரக் கயிறு மாறியதே தவிர, கொட்டை மாறவில்லை. மீசை முளைத்த பிறகும் கழற்றமாட்டேன் என்றான்.

கயிற்றை வெளியே இழுத்துப் பார்த்தாள். அதே கொட்டை. களத்தில் கிடந்த பிணங்களில் தன் பக்கம், எதிர்ப் பக்கம் என்று பாராமல் அறுத்து மூட்டையை நிரப்பியிருக்கிறார் அந்த மகாவீரர்.

"ஐயா, இது எம் மவன் கயிறு. எம் புள்ள செத்துட்டான்யா."

அமைச்சர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "நம் தரப்பில் எவரும் இறக்கவில்லை, அம்மா. உங்கள் மகன் நலமாக இருக்கிறான் என்று எழுதிவிட்டு வீட்டில் காத்திருங்கள். அல்லது, இது எதிரியின் கயிறு என்று எழுதுங்கள். மூன்றாவது வழி அரசிடம் இல்லை."

"நலமா இருக்கான்னு எழுதுனா, அவன் ஒடம்பு?"

"உயிரோடு இருப்பவனுக்கு ஏது பிணம்?"

"எதிரின்னு எழுதுனா?"

"எதிரியின் தாய் கேட்டால் உடலைக் கொடுத்துவிட வேண்டும் என்பது பழைய போர்ச்சட்டம். அதை நாம் மீறியதில்லை" என்றார் பெருமையாக. "ஆனால் எதிரியின் தாய்க்கு இந்நாட்டில் இடமில்லை. கொள்ளி வைத்த கையோடு ஆற்றைக் கடந்துவிட வேண்டும்."

அவள் கயிற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பத்து மாதம் சுமந்தவனைக் காக்கைக்கும் நரிக்கும் விட அவளுக்கு மனம் வரவில்லை. ஓலையை இழுத்து எழுதினாள்: எதிரி. பெயர், சேந்தன். தாய், அழகியநாச்சி.

"ஆக, ஆயிரத்தில் ஒன்று உறுதி" என்று அமைச்சர் குறித்துக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததும் சாவடி வாசலில் பெண்கள் நின்றார்கள். கயிறு கிடைத்தவளும் வந்திருந்தாள், கிடைக்காதவளும் வந்திருந்தாள். "எம் புள்ளையையும் எதிரின்னு எழுதிக்கங்கய்யா. மொகத்தப் பாத்துட்டு ஒரு கொள்ளி வச்சிட்டுப் போயிடுறோம்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். அழகியநாச்சியின் இடத்தில் உட்கார்ந்த புது ஆள் எழுதினான். ஆற்றங்கரையில் மூன்று நாள் புகை அடங்கவில்லை. மூன்றாம் நாள் மாலை, ஓலைக் கணக்கில் ஆயிரம் சரியாக வந்தது.

அரசர் மகிழ்ந்துபோய், அடலேறுவை யானைமேல் ஏற்றித் தாமும் தேரேறி வெற்றி உலா வந்தார். ஆரத்தி எடுக்கத் தெருவில் ஒரு தாயும் இல்லை.