டிகாஷன் மாமாவும் சைக்கிள் பம்பும்

கண்ணுக்கே தெரியாதவர்களுக்கு மரியாதை கொடுத்துப் பேசிய மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். சிதம்பரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் மாடி அறைக்காரர், டிகாஷன் மாமா.

காப்பிக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. மக்கிய எருவைச் சாக்கில் கட்டி, டிரம் தண்ணீரில் ஊறப்போட்டு, கொஞ்சம் வெல்லம் கரைத்து, மீன்தொட்டி மோட்டாரால் நாள் முழுக்கக் குமிழி விடுவார். எருவிலிருக்கும் நுண்ணுயிர்கள் அதில் பெருகுமாம். வடிகட்டினால் டிகாஷன். மொட்டைமாடிக் கத்திரிச் செடிகளுக்கு அதுதான் டிபன். காய்கள் என்னவோ தளதளவென்றுதான் இருக்கும்.

"அவுங்களுக்குக் காத்து ஜாஸ்தி வேணும் மாப்ளே. மூச்சு முட்டிச்சுன்னா நாறிப்போயிடும்."

"யாருக்கு மாமா?"

"உள்ள இருக்கறவுங்களுக்குத்தான்!"

வடாம் காயவைக்கப் போன என் மனைவியிடம், "மெதுவா பேசும்மா, அவுங்க சாப்புடுற நேரம்" என்றவர் அவர்.

அது மின்வெட்டு கொடிகட்டிப் பறந்த காலம். கரண்ட் போனால் மாமா சைக்கிள் பம்பை எடுத்து டிரம்முக்குள் காற்றடிப்பார். சில நாள் அசந்துவிடுவார். தெருவே மூக்கைப் பொத்தும். கடலூரிலிருந்த வீட்டுக்காரம்மா கடைசியாக எச்சரித்தார்: "இன்னொரு தடவை நாறிச்சுன்னா டிரம்மும் நீங்களும் ஒண்ணா கெளம்பிடணும்."

ஒருநாள் மாமா காதுகுத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் போயிருந்தார். காலையிலேயே கரண்ட் போய்விட்டது. மதியம் வீட்டுக்காரம்மா போன் செய்தார், சாயங்காலம் வருகிறாராம்.

தொலைந்தது சனியன் என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கால்கள் மாடிப்படி ஏறிவிட்டன. அங்கே, மாமாவைப் பற்றி அதிகம் புகார் சொல்லும் கீழ்வீட்டுச் செல்வம், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பம்ப் அடித்துக்கொண்டிருந்தார்.

"சும்மா நிக்கிறீங்களே சார், அவுங்க சாவறாங்க!" என்று கத்தினார்.

முறைபோட்டு அடித்தோம். என் மனைவியும் புடவையைச் செருகிக்கொண்டு அடித்தாள்.

வீட்டுக்காரம்மா வந்தார். டிரம்முக்கு மேல் குனிந்தார். செல்வம் பம்பை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"மழை பெஞ்ச மண்ணு மாதிரியில்ல வாசனை வருது! எங்க ரோஜாவுக்கு ஒரு பக்கெட் குடுங்க."

மறுநாள் மாமா வந்தார். நன்றியாவது ஒன்றாவது! டிரம்மில் காதை வைத்துக் கேட்டுவிட்டு எங்களைத் திட்டினார்: "இவ்ளோ வேகமாவா அடிப்பீங்க? மெரண்டு போயிருக்காங்க பாரு!"

"நாத்தத்துக்குப் பயந்துதான் அடிச்சோம்" என்று வீறாப்பாகச் சொன்னேன். அது பொய். மாமா இல்லாத மாடியை எங்களில் ஒருவருக்கும் நினைத்துப் பார்க்கப் பிடிக்கவில்லை.