வெங்கட்டின் புது நாற்காலி

"மோகனா, இன்னும் ஒரு நாள் இந்த நாற்காலியில உட்கார்ந்தேன்னா நேரா ஆஸ்பத்திரிதான்," என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான் வெங்கட்.

சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில், பதினோராவது மாடியில் இருந்த அந்தச் சரக்கு நிறுவனத்தில் மேசை, நாற்காலி, ஏர்கான் எல்லாம் மோகனப்பிரியாவின் பொறுப்பு. பன்னிரண்டு ஊழியர்களும் எட்டு வருடமாக ஒரே ரக நாற்காலிகளில்தான் உட்கார்ந்திருந்தார்கள். வெங்கட் அந்த மாதம் மட்டும் நான்கு நாள் எம்.சி. என்னும் மருத்துவ விடுப்பு எடுத்துவிட்டதால், அவனுக்கென்று முதுகு தாங்கும் நாற்காலி ஒன்றை ஆர்டர் செய்தாள்.

திங்கட்கிழமை காலையில் அவன் மேசை முன்னால் பளிச்சென்று ஒரு நீல நாற்காலி, பிளாஸ்டிக் உறையோடு நின்றது. வெங்கட் உறையைப் பிரித்து உட்கார்ந்து சாய்ந்தான்.

"அப்பாடா! வலி போன இடம் தெரியல!"

அவன் சாப்பிடப் போன நேரத்தில் பக்கத்து மேசை சேவியர் உட்கார்ந்து பார்த்தான். அவனுக்குத் தோள்வலி விட்டது. அடுத்து உட்கார்ந்த அனுப்ரியாவுக்குக் கழுத்துவலி போனது. மறுநாள் மோகனாவிடம், இதே நாற்காலி வேண்டுமென்று ஒன்பது டாக்டர் கடிதங்கள் வந்து சேர்ந்தன.

"அவருக்கு மட்டும்தான் முதுகு இருக்கா? எங்களுக்கெல்லாம் என்ன, இரும்பா?" என்றாள் அனுப்ரியா.

மோகனாவுக்கு அது நியாயமாகவே பட்டது. ஆளுக்கு நாற்பது நிமிடம் என்று அட்டவணை போட்டு ஒட்டினாள்.

சேவியர் தன் நேரம் முடிந்த பிறகும் எழுந்திருக்காமல், யாருடனோ போனில் பேசுவதுபோல் பாவனை செய்தான். வெங்கட் பழைய நாற்காலிகள் எதிலும் உட்கார மறுத்து, நின்றுகொண்டே வேலை பார்த்து, கால் வீங்கி மறுபடியும் எம்.சி. எடுத்தான். அவன் அனுப்ப வேண்டிய பத்திரங்கள் போகாததால் இரண்டு கண்டெய்னர்கள் துறைமுகத்திலேயே நின்றன.

மேலாளர் ரகுபதி விசாரிக்க வந்தார்.

"அப்படி என்ன லா இருக்கு இதுல?" என்று உட்கார்ந்தவர் கண்ணை மூடினார். ஐந்து நிமிடம் கழித்து, "இத என் ரூமுக்குத் தள்ளிட்டு வாங்க," என்றார்.

அடுத்த நாள் மூன்று பேர் ராஜினாமா கடிதம் கொடுத்தார்கள். ரகுபதி மோகனாவை அழைத்தார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாருக்கும் இதே நாற்காலி வரணும். வரலேன்னா நாலாவது கடிதம் உங்களோடதுதான்."

அவர் கூட்டத்துக்குப் போனதும் மோகனா அவர் அறைக்குள் ஓடினாள். நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, தரையில் மண்டியிட்டு அடிப்பக்கமெல்லாம் தடவிப் பார்த்தாள். அந்த நேரம் அலுவலகத்தைச் சுத்தம் செய்யும் ரத்தினம்மா துடைப்பத்தோடு உள்ளே வந்தார்.

"என்னம்மா தேடுறீங்க?"

"மாடல் நம்பர், அக்கா. ஆர்டர் ரசீது எங்கயோ தொலைஞ்சு போச்சு. இதே மாதிரி பன்னெண்டு வாங்கணும்."

"இது எதுக்கும்மா பன்னெண்டு? வெங்கட் தம்பியோட பழசுதானே இது. போன வாரம் சோப்பு போட்டுத் தேய்ச்சப்பதான் நீலம்னு எனக்கே தெரிஞ்சது, தூசி படாம இருக்கட்டும்னு பிளாஸ்டிக் சுத்தி வெச்சேன். நீங்க வாங்கின புதுசு இன்னும் கீழ சாமான் இறக்குற லோடிங் பேலதான் பிரிக்காம கெடக்கு."