மாமனாரின் குரல் இரண்டு ரேடியோவில் வந்த சாயங்காலம்

ஒருவன் எந்தக் கம்பெனியில் வேலை செய்கிறானோ, அங்கே செய்யும் பொருளைப் பற்றி அவனுக்கு எல்லாம் தெரியும் என்று உலகம் நம்புகிறது. உலகம் நம்பினால் பரவாயில்லை. மாமனார் வீடு நம்பக் கூடாது.

நான் ஓசூரில் கார் டேஷ்போர்டு செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷனில் இருக்கிறேன். ரேடியோவும் பாட்டும் வரும் அந்தத் திரை சரியாகப் பொருந்தியிருக்கிறதா, ஓரத்தில் கீறல் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. அதிலிருந்து சத்தம் எப்படி வருகிறது என்று கேட்டால் பக்கத்து செக்‌ஷனைக் கைகாட்டுவேன். ஆனால் பெண் பார்க்கப் போன அன்று என் பெரியப்பா, "பையன் ரேடியோ இன்ஜினியருங்க" என்று அடித்துவிட்டார். எனக்கும் அது கேட்க நன்றாக இருந்தது. பேசாமல் இருந்துவிட்டேன்.

மாமனார் மாதப்பனுக்குத் தேன்கனிக்கோட்டை பக்கம் ராகிக் காடு; விளைநிலத்தை அங்கே காடு என்றுதான் சொல்வார்கள். வீட்டில் பெரிய டிவி இருந்தாலும் அவருக்கு ரேடியோதான். பெங்களூரிலிருந்து மீடியம் வேவில் வரும் கன்னட விவசாய நிகழ்ச்சியைத் தினமும் சாயங்காலம் கேட்பார். (எல்லைப் பக்கம் என்பதால் அந்த வீட்டில் எல்லோரும் கன்னடம் பேசுவார்கள். மத்தூர்க்காரனான எனக்குப் பாதி புரியும். மீதிப் பாதிக்குச் சிரித்து வைப்பேன்.) கல்யாணம் ஆன புதிதில் ஒருநாள் அந்த ரேடியோவை என் முன்னால் கொண்டுவந்து வைத்தார்.

"மாப்ள, கொஞ்ச நாளா மழ பெய்ற மாதிரியே கேக்குது. வெளிய வந்து பாத்தா வெயிலடிக்குது."

பேச்சு வந்தது. ஆனால் பேச்சுக்குப் பின்னால் 'சோ'வென்று ஓர் இரைச்சல். நான் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "பேட்டரி வீக்கு மாமா" என்றேன். புது பேட்டரி போட்டோம். இரைச்சல் போகவில்லை. "தூசி" என்றேன். கழற்றித் துடைத்தேன். மாட்டும்போது ஒரு ஸ்க்ரூ மிச்சமானது, அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். கடைசியில் ஏரியல் போதவில்லை என்று தென்னை மரம் வரைக்கும் ஒரு கம்பியை இழுத்துக் கட்டினேன். இரைச்சல் இரண்டு பங்காக வந்தது. "மாப்ள கை வெச்சதுக்கு அப்புறம் சத்தம் நல்லா ஏறியிருக்குது" என்றார் மாமனார். மாப்பிள்ளையைக் குறை சொல்லும் வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. என் நாசத்துக்கு அதுவே பாதிக் காரணம்.

ஓசூர் திரும்பியதும் பக்கத்து செக்‌ஷன் நண்பனிடம் கேட்டேன். "ஸ்டேஷன்காரங்க பழைய ஒலிபரப்புக்குப் பக்கத்துலயே டிஜிட்டலையும் சேத்து அனுப்புறாங்கடா. பழைய செட்டுக்கு அந்த டிஜிட்டல் புரியாது, அதுக்கு அது வெறும் இரைச்சல். உன் புது கார்ல டிஜிட்டல் ரேடியோ இருக்கு. அதுல போட்டா கண்ணாடி மாதிரி கேக்கும்" என்றான். அவன் இன்னும் ஏதோ சொல்ல வந்தான். கேண்டீன் மணி அடித்துவிட்டதால் நான் நிற்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் மாமனாரின் பேட்டி வந்தது. ஆனேக்கல் பக்கம் நடந்த ஒரு விவசாயக் கண்காட்சியில் அந்த ஸ்டேஷன்காரர்கள் அவரிடம் மைக்கை நீட்டியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தவர் மாமியாரிடம், "உம் பேரையும் சொல்லியிருக்கறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மாட்டைக் கட்டப் போய்விட்டார்.

அது சாதாரண வார்த்தை இல்லை. என் மாமியார் ரத்னம்மாவை மாமனார் பெயர் சொல்லிக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. 'இந்தா', 'ஏ புள்ள', அவசரமென்றால் ஓர் இருமல். அப்படிப்பட்டவர் ஊரே கேட்கும் ரேடியோவில் பெயரைச் சொல்லியிருக்கிறார். மாமியார் அக்கா தங்கைகளுக்கெல்லாம் போன் போட்டார். பேட்டி நாளில் வாசல் நிறையச் சொந்தக்காரர்கள். மாமியார் புதுப் புடவையில் நடுவில் உட்கார்ந்திருந்தார்.

நான் காரை வாசலுக்கே கொண்டுவந்து நான்கு கதவுகளையும் திறந்து வைத்தேன். கண்ணாடி மாதிரிதான் கேட்டது. அத்தோடு விட்டிருந்தால் இன்றைக்கு நான் மரியாதையாக நடமாடிக்கொண்டிருப்பேன். டிஜிட்டலின் அருமை இவர்களுக்குத் தெரிய வேண்டாமா என்று ஆசை வந்துவிட்டது. பழைய ரேடியோவைக் கொண்டுவரச் சொல்லி, அதையும் மாமியார் பக்கத்தில் போட்டுவிட்டேன். "ரெண்டையும் கேட்டுப் பாருங்க, வித்தியாசம் தெரியும்!"

தெரிந்தது. பழைய ரேடியோ சொல்வதைக் கார் ரேடியோ சில நொடி கழித்துத்தான் சொன்னது. நண்பன் மணி அடித்தபோது சொல்ல வந்தது அதுதானாம். டிஜிட்டலாக வருவதைப் பிரித்துச் சத்தமாக்கக் காருக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்குமாம்.

முதலில் வணக்கம் இரண்டு தடவை வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் கேள்வியும் பதிலும் ஒன்றன்மேல் ஒன்று ஏற ஆரம்பித்தன. "எக்கோ வுடறாங்களா மாப்ள?" என்றார் மாமனார். நான் எல்லாம் தெரிந்தவன்போல, "ஸ்டீரியோ மாமா" என்றேன்.

ராகிக் காட்டுக்கு எதனால் தொல்லை என்று ஒரு கேள்வி வந்தது. மாமனாரின் பதில் பழைய ரேடியோவில் இரைச்சலோடும் காரின் பேச்சோடும் கலந்து, யாருக்கும் புரியாமல் ஓடி முடிந்தது. உடனே அதில் அடுத்த கேள்வி வந்தது. மாமியார் காதுக்கு மிகப் பக்கத்தில், இரைச்சலையும் மீறி: "உங்க வீட்டுல உங்களுக்குத் துணையா யாரு?"

மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். வாசலே அமைதியானது. அந்த அமைதியில் காரின் நான்கு கதவுகள் வழியாகவும், போன கேள்விக்கான பதில் மாமனாரின் சொந்தக் குரலில், கண்ணாடி மாதிரி வந்தது. அது கன்னடத்தில், எனக்குக்கூட முழுதாகப் புரிகிற கன்னடத்தில்:

"ஒரு ஆனைங்க. ஒரு காட்டுப்பன்னி. எவ்ளோ வெரட்டுனாலும் போறதில்ல. இருக்கறதெல்லாம் தின்னு தீத்துடுது."

மாமியார் எழுந்தே விட்டார். அவர் கொஞ்சம் பருமன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கை அந்த வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. அந்தத் தங்கை, "நான் காலையில பஸ்ஸுக்கே கெளம்பறங்க்கா" என்று அழுதுவிட்டார். "ஐயோ, நான் அத சொல்லல, அது வேற கேள்வி!" என்று மாமனார் கத்தினார். பழைய ரேடியோவில் அதே நேரம் அவர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். இந்தக் கூச்சலில் யார் காதிலும் அது விழவில்லை.

எந்த ரேடியோ எதைச் சொல்கிறது, எது முன்னே எது பின்னே, ஒன்றும் விளங்கவில்லை. பன்றி சொன்னது கார்தான், ஆகவே தப்பு காரில்தான் என்று முடிவு செய்தேன். பாய்ந்துபோய்ச் சாவியைத் திருகி அணைத்தேன்.

"என்னங்க பண்றீங்க! பேரு இப்பதான் கார்ல வரும்!" என்று என் மனைவி கவிதா கத்தினாள். சரிதான். அடுத்து வரவேண்டிய பதில் அதுதான். மறுபடி சாவி போட்டேன். திரை விழித்து, கம்பெனிப் பெயரைக் காட்டி, யோசித்து, ஸ்டேஷனைத் தேடி, கடைசியில் வாய் திறந்தபோது, "நன்றி, வணக்கம்" என்றது. யாரும் பேட்டியை ரெக்கார்டும் செய்திருக்கவில்லை. மாப்பிள்ளை இருக்கிறாரே என்று விட்டுவிட்டார்களாம்.

என்னை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மாமியார் புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு நின்றார். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை வந்த பெயரை நான் சாவி போட்டு அணைத்துவிட்டேன் என்பது அவர் முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

"அப்பிடி என்னதான் சொன்னீங்க?" என்று கேட்டார் மாமியார்.

"அதான் ரேடியோல சொல்லியாச்சே."

"எனக்குக் கேக்கலயே."

தப்பிக்க வழி இருக்கிறதா என்று மாமனார் மாட்டுக் கொட்டகைப் பக்கம் பார்த்தார். நடுவில் என் கார் நின்றது. தொண்டையைச் செருமினார். தரையைப் பார்த்துக்கொண்டு, மைக்கில் சொன்ன மாதிரியே, 'என் மனைவி' என்று கன்னடத்தில் ஆரம்பித்துச் சொன்னார்: "நன்ன ஹெண்டத்தி ரத்னம்மா. அவ இல்லன்னா எனக்குக் காடே இல்லீங்க."

காது மடல் வரைக்கும் அவருக்குச் சிவந்துவிட்டது. மாமியார் நிதானமாக உட்கார்ந்து, புடவையைச் சரி செய்துகொண்டார்.

"ஒரே எரைச்சலு," என்றார். "இன்னொருக்கா சொல்லுங்க."

இன்றுவரை மாமனார் எப்போதாவது ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டால் போதும், மாமியாருக்குக் காதில் இரைச்சல் வந்துவிடும். மனுஷன் இரண்டாவது தடவையும் சொல்லித்தான் தீர வேண்டும்.