தபால்காரர் படத்தால் வந்த வினை

ராஜா ராணி படங்களால் எந்தக் குடும்பமும் கெட்டதில்லை. வாள் சண்டையைப் பார்த்துவிட்டு வந்து வீட்டில் அரிவாள்மணையை உருவியவர்கள் யாரும் கிடையாது. ஆபத்தெல்லாம் நம்மைப் போன்ற ஆட்களைப் பற்றிய படங்களில்தான் இருக்கிறது. அதில் வருகிற வாத்தியாருக்குத் திடீரென்று தன் பெயரே மறந்துபோகும். தையல்காரருக்குக் கை நடுங்க ஆரம்பிக்கும். பாட்டுக்காரிக்குக் குரல் போய்விடும். ராஜாவுக்கு வந்த கஷ்டம் நமக்கு வராது, தையல்காரருக்கு வந்தது வரலாமே.

அறுபதுகளின் நடுவில் கல்யாணமாகி நான் பம்பாயில் தாராவிக்கு வந்து சேர்ந்தபோது இந்த மாதிரிப் படங்கள்தான் அதிகம் வந்துகொண்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டுங்காவில் ஒரு தியேட்டரில் தமிழ்ப் படம் போடுவார்கள். வாரம் முழுக்க இந்தியிலும் மராட்டியிலும் மாட்டி முழித்த தமிழர்கள் எல்லாம் அன்றைக்கு அங்கேதான் இருப்பார்கள். என் வீட்டுக்காரர் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். அவர் செம்பூரில் ஒரு பட்டறையில் கிரேன் ஓட்டுகிறவர். கூரைக்குக் கீழே ஒரு சின்னக் கூண்டில் உட்கார்ந்துகொண்டு, கீழே வேலை செய்கிறவர்களின் தலைக்கு மேலே இரும்புத் தகடுகளைத் தூக்கி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கொண்டுபோய் வைக்க வேண்டும். அதிகம் பேச மாட்டார். (கிரேன் கூண்டில் யாரோடு பேசுவது? பழக்கம் விட்டுப்போயிருக்கும் என்று நானே நினைத்துக்கொள்வேன்.)

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்ததுதான் அந்தத் தபால்காரர் படம். நல்ல மனுஷன். பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது. வேலை போய்விடுமே என்று யாரிடமும் சொல்லாமல், தெருக்களை மனப்பாடம் பண்ணி, கடிதங்களை யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்டுக் காலம் தள்ளுகிறார். ஊருக்கே தெரிந்த பிறகு கடைசியில்தான் பெண்டாட்டிக்குத் தெரிகிறது. பக்கத்திலேயே படுத்திருந்தும் தெரியவில்லையே என்று அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுவாள். தியேட்டரே மூக்கைச் சிந்தியது. நான் அழுததில் என் முந்தானை போதாமல் அவர் கைக்குட்டையையும் வாங்கிக்கொண்டேன். நிச்சயமாக அவளைப் போல ஏமாளியாக இருக்கமாட்டேன் என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன். பத்தொன்பது வயதில் ஒருத்தி எடுக்கிற தீர்மானம் எந்த அளவுக்கு விவரமாக இருக்கும் என்பதை இனிமேல் பார்க்கலாம்.

மறுநாளிலிருந்து அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். கவனிக்கக் கவனிக்கச் சந்தேகம் தடித்தது.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது, தூரத்தில் பஸ் வருவதைப் பார்த்துவிட்டு, அது எந்த நம்பர் என்று என்னிடம் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? அவரல்லவா பம்பாய்க்காரர். நான் தெரியாது என்றதும் என் முகத்தையே பார்த்தார். தபால்காரரும் இப்படித்தான், விலாசத்தை அடுத்தவர் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்வார். அடுத்த வாரம் வீட்டு பல்பைக் கழற்றிவிட்டு, கண்ணைக் கூசுகிற பெரிய பல்பாக வாங்கி வந்து மாட்டினார். ஏன் என்று கேட்டதற்கு, வெளிச்சம் போதவில்லை என்று மட்டும் சொன்னார். யாருக்குப் போதவில்லை என்று சொல்லவில்லை. சினிமாவுக்குப் போனால் வழக்கமாகப் பின்வரிசையில் கௌரவமாக உட்காருகிறவர், திரைக்குப் பக்கத்தில் முன்வரிசையில் கொண்டுபோய் உட்காரவைத்தார். ரோட்டைக் கடக்கும்போது என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான புதிதில் பிடிக்காத கை இப்போது ஏன் பிடிக்கிறது? ஆசையில் என்று நினைக்கிற அளவுக்கு நான் ஏமாளி இல்லை.

போதாததற்கு ஒருநாள் சாயங்காலம் காய் வாங்கிக்கொண்டு வரும்போது பட்டறைக் காக்கிச் சட்டையோடு தெருவின் அந்தப் பக்கம் வந்தார். நான் சிரித்தேன். அவர் என்னைக் கடந்து நேராகப் போய்விட்டார். கட்டின பெண்டாட்டியைக் ஒரு தெரு அகலத்தில் அடையாளம் தெரியவில்லை! அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அவர் வீட்டுக்கு வந்து எதுவும் நடக்காத மாதிரி ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டார். என்ன நடிப்பு!

பரீட்சை வைத்துப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து முக்காலியை அதன் இடத்திலிருந்து நகர்த்தி நடைவழியில் போட்டேன். துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவர் அதில் இடித்து, கால் கட்டைவிரல் பெயர்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சந்தேகம் தீர்ந்தது. (தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு வந்தால் யாருக்குத்தான் முக்காலி தெரியும் என்கிற கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.)

பக்கத்து வீட்டு ஜெபமணி அக்காவிடம் போய்ச் சொன்னேன். நாசரேத் பக்கத்திலிருந்து வந்து நெடுநாளாக அங்கே குடியிருப்பவர். தாராவியில் அந்த வரிசையில் இருந்த பெண்களுக்கு டாக்டர், வக்கீல், இந்தி வாத்தியார் எல்லாம் அவர்தான். அவரும் அந்தப் படத்தைப் பார்த்திருந்தார். அதனால் நான் பாதி சொல்லும்போதே மீதி அவருக்குப் புரிந்துவிட்டது.

“ஏட்டி, தபால்காரன் கடிதாசிய மாத்திக் குடுத்தா யாரும் சாவ மாட்டாவ. உன் மாப்பிள்ள தலைக்கு மேல இரும்பத் தூக்குதாரு” என்றார்.

அதுவரை நான் எங்களைப் பற்றித்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். இப்போது கீழே நிற்கிறவர்கள் எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தார்கள். அவர்களுக்கும் பெண்டாட்டி பிள்ளை உண்டு. அவரிடமே கேட்டுவிடலாமே என்றேன். கேட்டால் ஒத்துக்கொள்வாரா, தபால்காரர் ஒத்துக்கொண்டாரா என்று அக்கா திருப்பிக் கேட்டார். மேஸ்திரியிடம் பக்குவமாகச் சொல்லி, கிரேனிலிருந்து இறக்கிக் கீழே ஏதாவது வேலை கொடுக்கச் சொல்வது என்று முடிவாயிற்று. அவருக்கு வேலை இன்னும் பெர்மனென்ட் ஆகவில்லை. அந்த மாதம்தான் ஆகவேண்டியிருந்தது. அதை நினைத்து நான் அழ, உயிர் பெரிதா பெர்மனென்ட் பெரிதா என்று அக்கா என்னைத் தேற்றினார்.

இருவரும் பஸ் பிடித்துச் செம்பூருக்குப் போனோம். பட்டறை வாசலில் காவல்காரனிடம் சொல்லி மேஸ்திரியை வரவழைத்தோம். அவர் மராட்டிக்காரர். பார்வை கொஞ்சம் மங்கலாக இருக்கிறது போலிருக்கிறது, பார்த்து ஒரு வழி செய்யுங்கள் என்று சொல்லும்படி அக்காவுக்கு வழி முழுக்கச் சொல்லிக் கொடுத்திருந்தேன். அக்கா அத்தனையையும் சுருக்கிவிட்டார்.

“இஸ்கா ஆத்மி அந்தா ஹை” என்றார்.

இஸ்கா ஆத்மி என்றால் இவள் புருஷன், அந்தா என்றால் குருடு என்று எனக்கே தெரியும். மேஸ்திரி ஒரு நிமிஷம் எங்களைப் பார்த்தார். பிறகு திரும்பி உள்ளே ஓடினார். சற்று நேரத்தில் உள்ளே கேட்டுக்கொண்டிருந்த இரைச்சல் ஒன்று நின்றது. கிரேனை நிறுத்தியிருக்கிறார்கள். வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் கூடி நின்று மேலே பார்க்க, அவர் ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கி வந்திருக்கிறார். பெயர்ந்த கட்டைவிரலோடு நொண்டி நொண்டி இறங்கியதைப் பார்த்துவிட்டு, சிலர் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இறக்கினார்களாம். இதெல்லாம் பிறகு கேள்விப்பட்டது.

வாசலுக்குப் பக்கத்திலேயே டாக்டர் அறை. வயதான பார்சி டாக்டர். எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். நுழைந்ததும் எதிர்ச் சுவரில் பெரிய முருகன் படம் ஒன்று மாட்டியிருந்தது. பார்சிக்காரர் அறையில் நம் முருகன்! எனக்கு உடம்பு சிலிர்த்தது. என் புருஷன் வேலையைக் காப்பாற்று என்று கைகூப்பி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி நன்றாகக் கும்பிட்டேன். கண்ணைத் திறந்தபோது டாக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் வீட்டுக்காரர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கோபப்படவில்லை. எதற்கு வந்தாய் என்றும் கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

சுவரில் தொங்கிய எழுத்து அட்டையை அவரை வாசிக்கச் சொன்னார்கள். கடகடவென்று வாசித்தார். இடது கண்ணை மூடி, வலது கண்ணை மூடி, தலைகீழாகத் தொங்கவிடாத குறையாகப் பரீட்சை செய்தார்கள். கடைசி வரியையும் முடித்துவிட்டு, அதற்குக் கீழே அட்டையை அச்சடித்தவர்களின் விலாசத்தையும் வாசித்தார். டாக்டர் எழுந்து அட்டைக்குக் கிட்டே போய், அப்படியொரு விலாசம் இருப்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்.

பிறகு என்னைப் பார்த்து, எதை வைத்து இப்படிச் சந்தேகப்பட்டாய் என்று இந்தியில் கேட்டார். நான் பஸ் நம்பரில் ஆரம்பித்து, பல்பு, சினிமா வரிசை, கையைப் பிடித்தது, தெருவில் தெரியாமல் போனது என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஜெபமணி அக்கா உணர்ச்சியோடு மொழிபெயர்த்தார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். டாக்டர் அவரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். அவர் தயங்கித் தலையசைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“அந்தச் செவுத்துல என்ன படம் இருக்கு, சொல்லு.”

“முருகன்” என்றேன்.

“நல்லாப் பாத்துச் சொல்லு.”

“நல்லாத்தான் பாக்குதேன். செவப்பு உடம்பு. கையில வேல். மயிலத்தான் காணல.”

ஜெபமணி அக்கா முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டார். டாக்டர் என் தோளைத் தொட்டு மெதுவாகச் சுவருக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போனார். கிட்டே போகப் போக முருகனுக்குப் பல் முளைத்தது. கண் பிதுங்கியது. அது தோலை உரித்துச் சதையையும் நரம்பையும் காட்டுகிற மனித உடம்புப் படம். வேல் என்று நான் நினைத்தது தூக்கிய கையின் எலும்பு. உரித்த மனுஷனை, அதுவும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, கும்பிட்டிருக்கிறேன்.

அப்புறம் அட்டையை என்னிடம் காட்டினார்கள். எந்த அட்டை என்று கேட்டேன்.

எனக்குத் தூரப் பார்வை சரியில்லை என்பது எனக்கே அதுவரை தெரியாது. எல்லோருக்கும் உலகம் அப்படித்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். மரம் என்றால் பச்சையாக ஒரு மொத்தை. சினிமா என்றால் கொஞ்சம் கலங்கலாகத்தான் இருக்கும், வசனத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். தெருவில் நான் பார்த்துச் சிரித்த காக்கிச் சட்டை வேறு யாரோ ஒரு புண்ணியவான். பாவம், அவர் வீட்டுக்குப் போய் என்ன நினைத்தாரோ.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா முன்னால் உட்கார்ந்துகொண்டார். நாங்கள் பின்னால். என் கண்ணைப் பற்றி எப்போது தெரியும் என்று அவரிடம் கேட்டேன். சினிமாவில் ஒவ்வொருத்தர் வரும்போதும் இது யாரு, இது யாரு என்று நான் கேட்டதிலிருந்தே சந்தேகம்தான் என்றார். பஸ் நம்பரைக் கேட்டது அவர் எனக்கு வைத்த பரீட்சை. பல்பு எனக்கு வாங்கியது.

“அப்பவே கேட்டிருக்கலாம்லா?”

“நீ தெரிஞ்சே மறைக்கேன்னு நெனச்சேன். கேட்டா, ஊருக்குத் திருப்பி அனுப்பிருவேன்னு பயந்துருவியோன்னு விட்டுட்டேன். அந்தத் தபால்காரனப் பாத்து நீ அழுததும், சரி, இவ தனக்காகத்தான் அழுதான்னு முடிவே பண்ணிட்டேன்.”

ஒரே படத்தைத்தான் இரண்டு பேரும் பார்த்திருக்கிறோம். எங்கள் வீட்டில் தபால்காரர் யார் என்பதில்தான் கருத்து வேறுபாடு. அவர் சொன்ன பயம் சும்மா இல்லை. கண்ணாடி போட்ட பெண் என்று தெரிந்தால் அந்தக் காலத்தில் பெண் பார்க்கவே வரமாட்டார்கள். குறையை மறைத்துத் தள்ளிவிட்டார்கள் என்று என் பிறந்த வீட்டை அவர் அம்மா உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார். பிறகு மாமியார் பம்பாய்க்கு வந்து கண்ணாடி போட்ட என் முகத்தைப் பார்த்து இது என்ன கோலம் என்று கேட்டபோது, இங்கே எல்லாப் பொம்பளைகளும் போடுகிறார்கள், இப்போது இதுதான் பேஷன் என்று என் வீட்டுக்காரர் முகத்தைத் துளியும் மாற்றிக்கொள்ளாமல் சொன்னார். மாமியார் அடுத்த நாள் ஜெபமணி அக்காவைப் பார்த்து, நீ ஏன் போடவில்லை, வசதி இல்லையா என்று கேட்டார்.

மாட்டுங்காவில்தான் கண்ணாடி வாங்கினோம். போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். தினமும் நான் கூட்டிப் பெருக்கிப் பளிச்சென்று வைத்திருந்த வீட்டை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. மூலைக்கு மூலை ஒட்டடை. மறுநாள் சாயங்காலம் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். சந்தின் கோடியில் அவர் திரும்பினார். அங்கேயே என்னைப் பார்த்துவிட்டார். பார்த்ததும் முகம் சிரித்தது. அந்தச் சிரிப்போடுதான் அத்தனை தூரமும் நடந்து வந்தார். வாசலை நெருங்கியதும், யாராவது பார்ப்பார்களே என்று அதைத் துடைத்துவிட்டு வழக்கமான உம்மென்ற முகத்தோடு உள்ளே போனார். கல்யாணமான நாளிலிருந்து தினமும் அப்படித்தான் வந்திருக்கிறார் போலிருக்கிறது. எனக்குத்தான் தெரியாமல் போயிற்று.

வேலை பெர்மனென்ட் ஆகிவிட்டது. பட்டறையிலேயே நல்ல கண் இவருக்குத்தான் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டாராம். ஆனாலும் ரிடையராகிற வரைக்கும் அங்கே அவருக்கு ‘அந்தா’ என்றுதான் பெயர். கிரேன் பக்கம் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள், இரும்பைத் தூக்கப்போகிறவர் பெயர் குருடன் என்று கேட்டதும் வெளிறிப்போவார்களாம்.

எனக்கு வந்த தண்டனை வேறு. என் மகளிடம் இந்தக் கதையை அவர் எப்போது சொன்னார் என்று தெரியாது. எந்த டாக்டர் அறைக்குள் நான் நுழைந்தாலும் அவள் என் காதோரம் குனிந்து, “அம்மா, அது சாமி இல்ல” என்று சொல்வாள். பேரன் பேத்திகளும் பழகிக்கொண்டுவிட்டார்கள். போன மாதம் தாணேயில் பல் டாக்டரிடம் போயிருந்தோம். சுவரில் பெரிய படம். கண்ணாடி போட்டிருந்தேன், வெளிச்சமும் நன்றாக இருந்தது, அது பல் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. மகள் வாயைத் திறப்பதற்குள் ஒரு கும்பிடு போட்டு வைத்தேன். ஒருமுறை இதே மாதிரிக் கும்பிட்டதில் எனக்குக் கெடுதல் ஒன்றும் வரவில்லையே.