சாட்சிக் கையெழுத்துக்கு ஏற்ற ஜோடி

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு, பெண்ணைப் பெற்றவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம், என்னைத் தவிர. அங்கே அனைத்தும் நலமாக இருக்கும், உங்கள் மகனின் வெள்ளைச் சட்டையைத் தவிர.

வெள்ளிக்கிழமை பதிவு அலுவலகத்தில் நடந்ததற்கு விளக்கம் சொல்ல நீங்கள் இடமே தரவில்லை. அன்றிலிருந்து உட்கார்ந்தால் நாற்காலி குத்துகிறது, எழுந்தால் கால் ஓரிடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது. இன்று திங்கட்கிழமை, இப்போதுதான் விடிந்திருக்கிறது. பதினொரு மணிக்கு மறுபடி பதிவு. அதற்குள் இந்தக் கடிதத்தை நானே கொண்டுவந்து உங்கள் கையில் கொடுத்து, என் மகள் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடும் உரிமையைத் திரும்பக் கேட்கப் போகிறேன்.

சம்பந்தம் பேசும்போது என் மனைவி உங்களிடம் மறைத்த ஒரே விஷயம் என் பொழுதுபோக்கு. ஓய்வு பெற்ற பிறகு, மை ஊற்றி எழுதும் பேனாக்களுக்குப் பொருத்தமான வாட்ச் பார்த்து ஜோடி சேர்த்து வருகிறேன். நிறம் பொருந்தினால் மட்டும் போதாது. பேனாவின் கிளிப் தங்க நிறம் என்றால் வாட்ச் முள்ளும் தங்க நிறமாக இருக்க வேண்டும், குண்டுப் பேனாவுக்கு ஒல்லி வாட்ச் சரிப்படாது. இதற்கென்றே போனில் ஒரு குழு வைத்திருக்கிறோம், ஜோடி சேர்ந்ததும் அதில் படம் போடுவோம். படம் எடுக்குமுன் வாட்சின் பக்கத்துத் திருகை வெளியே இழுத்து, முள்ளைப் பத்து பத்தில் நிறுத்திவிட வேண்டும். அப்போதுதான் வாட்ச் சிரிக்கிற மாதிரி இருக்கும். எட்டு இருபதில் நிறுத்தினால் என் மனைவி என்னைப் பார்ப்பது போல இருக்கும்.

சாட்சிக் கையெழுத்துக்கென்றே கடை கடையாக ஏறி இறங்கி ஒரு பச்சைப் பேனாவையும் பச்சை முகப்பு வாட்சையும் சேர்த்துவைத்தேன். வெள்ளியன்று, "ஏங்க, நாங்க முன்னாடி போறோம். அந்தக் கருமத்தைப் படம் புடிச்சு முடிச்சுட்டு உடனே வந்து சேருங்க" என்று சொல்லிவிட்டு மனைவி மகளோடு கிளம்பினாள். நடுவில் போன் வந்தால் படம் ஆடிவிடுமே என்று சத்தத்தை அணைத்தேன், முள்ளை நிறுத்தினேன், படம் எடுத்தேன், வாட்சைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். திருகைத் திரும்ப உள்ளே தள்ளினால்தான் வாட்ச் ஓடும். தள்ளினேனா என்றால், அங்கேதான் வந்தது வினை. டாக்சியில் ஏறி மணி பார்த்தேன், பத்து பத்து. பச்சை மை வாங்க ஒரு கடையில் இறங்கினேன். கடைக்காரர் நாலு பச்சையைக் காட்ட, நான் நாலிலும் கையெழுத்துப் போட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் அப்போதும் பத்து பத்து. இன்றைக்கு நேரம் நம் பக்கம் என்று பூரித்துப் போனேன், சம்பந்தி! ரொம்ப முன்னால் வந்து நின்றால் பெண் வீட்டார் பறக்கிறார்கள் என்று நினைப்பீர்களே என்று, நிதானமாகக் காபி வேறு குடித்தேன். "சார், எதுக்கும் சீக்கிரம் போயிடலாமே" என்றார் டிரைவர். "பத்து பத்துதானேப்பா ஆகுது?" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வைக்கு இப்போதுதான் அர்த்தம் தெரிகிறது.

மீதி உங்களுக்கே தெரியும். பதிவாளர் பூட்டும் கையுமாக நிற்கிறார், மதியம் அவருக்கு விடுப்பு. "மணி என்ன ஆச்சு தெரியுமா?" என்று நீங்கள் கேட்க, நானும் கையை நீட்டி, "பத்து பத்து" என்று பல்லைக் காட்டினேன். சமாதானம் சொல்லும் வேகத்தில் மூடி கழன்ற பேனாவோடு கையை வீசியது தப்புதான். மாப்பிள்ளை சட்டை பச்சைப்பசேல் என்று ஆகிவிட்டது. "திங்கக்கிழமை என் தம்பி சாட்சிக் கையெழுத்துப் போடுவான். நீங்க வீட்லயே இருங்க, போட்டோ அனுப்புறோம்" என்றீர்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். "அப்பா, நாங்க ரெண்டு பேரும் உங்க கண்ணுக்கு ஒரு ஜோடியாவே தெரியலையா?" என்று கேட்டுவிட்டு என் மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாளே, அதுதான் தாங்கவில்லை. அவளுக்காக நான் போட்ட கையெழுத்தெல்லாம் மார்க் குறைந்த ரிப்போர்ட் கார்டுகளில்தான். மனசாரப் போட இருந்தது இந்த ஒன்று.

பேனா, வாட்ச் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுப் பூட்டி, சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டேன். இதைக்கூடப் பால்பாயிண்ட் பேனாவில்தான் எழுதுகிறேன். வெறுங்கையோடு வருவேன். அங்கே மேஜையில் நூல் கட்டித் தொங்குமே, அந்தப் பேனாவில் போட்டுவிட்டுப் பேசாமல் ஓரமாக நின்றுகொள்வேன். எனக்காக ஒரு வரி மட்டும் காலியாக விட்டுவையுங்கள். பிள்ளைகள் இருவரும் மனம் ஒத்து நீடூழி வாழட்டும். சம்பந்தியம்மாவுக்கு வணக்கம். உங்கள் தம்பிக்கும் வணக்கம், அவர் கையெழுத்து பார்க்கச் சகிக்காது என்று கேள்வி.

இப்படிக்கு,
இருப்புக்கொள்ளாமல் தவிக்கும்
உங்கள் சம்பந்தி

பி.கு.: பால்பாயிண்ட் தீர்ந்துவிட்டது. இதை மட்டும் முடிக்கலாமே என்று மனைவியின் தலையணைக்கடியிலிருந்து சாவியை எடுத்து, பச்சைப் பேனாவை வெளியே எடுத்தேன். தனியாகப் பார்க்கப் பாவமாக இருந்ததால் வாட்சையும் பக்கத்தில் வைத்தேன். கடிதத்தின்மேல் இரண்டும் இருக்கிற அழகை என்னவென்று சொல்ல! போன் சத்தத்தை அணைத்துவிட்டு ஒரே ஒரு படம், எனக்காக மட்டும், குழுவில் கேட்டால்தான் போடுவேன். வெளிச்சம் சரியாக விழுவதற்குத்தான் கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருந்தது. தலை நிமிர்ந்து பார்த்தால் வீட்டில் ஒருவரையும் காணோம். இவ்வளவு சீக்கிரம் எதற்குக் கிளம்பினார்களோ தெரியவில்லை. நீங்கள் பதற வேண்டாம், வாட்சைக் கட்டியாகிவிட்டது, இதோ புறப்பட்டுவிட்டேன். மணி பத்து பத்துதான் ஆகிறது.