ஐந்தாவது பாட்டில் வந்த சாமி

என் கணவரின் ஊரில் எல்லோரும், என் மேல் ஒருமுறை சாமி வந்ததாக இன்றுவரை நம்புகிறார்கள். வரவில்லை. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வந்தது ஒரு டிரம்ஸ், இரண்டு கிட்டார், அப்புறம் நாற்பத்திரண்டு வயதில் எனக்குத் திரும்பி வந்த பாட்டுப் பைத்தியம்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் கேசட் தேயத் தேயக் கேட்டவள். அதற்கப்புறம் பதினெட்டு வருஷம் நான் முழுதாகக் கேட்ட ஒரே வாத்தியம் மிக்சி. சித்தூரில் வீடு, திருப்பதியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் ரிசப்ஷன் வேலை, தினமும் பஸ். ஒருநாள் மகள் தூக்கிப்போட்ட இயர்போனை (வலது காது மட்டும் வேலை செய்யும்) மாட்டிக்கொண்டு ஏறினேன். காணிப்பாக்கம் கிராஸ் வருவதற்குள் இரண்டு பாட்டு. சந்திரகிரி வரும்போது ஒரு ஆல்பம் முழுசாக முடிந்துவிட்டது, நான் அழுதுகொண்டிருந்தேன். பக்கத்து சீட்டு அம்மா யார் இறந்துபோனார் என்று விசாரித்தார்.

பிறகு அந்தச் சனிக்கிழமை. வேலை முடிந்து வரும்போது, அலிபிரி போகிற சாலையில் ஒரு காபிக் கடை மாடியிலிருந்து டிரம்ஸ் கேட்டது. ஏறிப் பார்த்தால் நான்கு பேர், அவர்களே எழுதிய பாட்டு. காதில் கேட்பது வேறு, நெஞ்சுக்கூட்டில் கேட்பது வேறு என்று அன்றுதான் தெரிந்தது. முதல் வாரம் சுவரோரம் நின்றேன். மூன்றாவது வாரம் மேடைக்கு முன்னால் கொண்டையை அவிழ்த்துவிட்டுத் தலையைச் சுழற்றிக்கொண்டிருந்தேன். பாடுகிற பையன் என்னை 'சனிவாரம் அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்தான். சனிக்கிழமை அக்கா. எனக்கு வைத்த பெயர்களிலேயே எனக்குப் பிடித்தது அதுதான்.

வீட்டில் சொன்னது வேறு. லேபில் சனிக்கிழமைதோறும் இலவச சர்க்கரை கேம்ப் என்று என் மாமியாரிடம் சொல்லியிருந்தேன்.

"சனிக்கெயமக்கு சனிக்கெயம அத்தினி பேருக்கா சக்கர கீது அந்த ஊருல?"

"நெறைய பேருக்கு, அத்த."

"உனுக்கு இன்னாத்துக்குத் தொண்ட கட்டிக்கினு கீது?"

"பேரக் கூப்டு கூப்டுதான்."

அத்தை என் கலைந்த தலையைப் பார்த்தார். மாவு ஆட்டப் போனார். விஷயம் தெரிந்தால் சனிக்கிழமை போச்சு. அந்த இரண்டு மணி நேரம்தான் அந்த வாரம் முழுக்க எனக்கென்று இருந்தது.

கங்காதர நெல்லூர் பக்கம் என் கணவரின் ஊர். அங்கே வருஷா வருஷம் அம்மன் ஜாத்திரைக்கு சினிமாப் பாட்டு ஆர்கெஸ்ட்ராதான் வரும். அந்த வருஷம் கமிட்டிப் பிள்ளைகளுக்குப் புதுமை வேண்டுமாம். சாயங்காலம் மேடையைப் பார்த்தேன். அங்கே வயரைச் சொருகிக்கொண்டு நின்றவர்கள் என்னுடைய அந்த நான்கு பேர்.

அத்தையின் பக்கத்தில், தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அசையவே கூடாது என்று முடிவு. முதல் பாட்டில் கால் விரல் ஆடியது. மூன்றாவதில் தோள். நான்காவது முடிந்ததும், நல்ல பிள்ளையாகக் கண்ணாடியைக் கழற்றி, மடித்து, டப்பாவில் போட்டு, கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்தேன். ஏனென்றால் அடுத்தது ஐந்தாவது பாட்டு, காபிக் கடையில் நான் கொண்டையை அவிழ்ப்பது அதற்குத்தான். (இவ்வளவு தெளிவாக இருந்தவள் எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம்.)

கண்ணைத் திறந்தபோது நான் ஸ்பீக்கருக்கு முன்னால் நின்றிருந்தேன். தலைமுடி எட்டுத் திக்கிலும் இருந்தது. பாட்டு முடிந்திருந்தது. பையன் மைக்கில், நீங்கள் இங்கேயா என்று தெலுங்கில் ஆசையாகக் கேட்டான்:

"சனிவாரம் அக்கா! மீரு இக்கடா?"

ஊரே திரும்பியது. அத்தையும் திரும்பினார். அந்த நொடியில் கூட்டத்திலிருந்து ஒரு கிழவி கத்தினாள்:

"அம்மா வந்துட்டாடீ, வயி உடுங்க!"

எனக்கு முன்னால் இரண்டு வழி. ஒன்று சனிக்கிழமையை ஒப்புக்கொள்வது. இன்னொன்று சாமியாகிவிடுவது. நான் நாக்கைத் துருத்தினேன்.

ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் தலையில் விழுந்தது. கையில் வேப்பிலை வந்தது. நிறுத்திவிடலாம் என்று பார்த்தால், அந்த டிரம்ஸ்காரன் உற்சாகமாகி மறுபடி ஆரம்பித்து, முன்னைவிட வேகமாக அடிக்கிறான். அம்மனால் எப்படி நிற்க முடியும்?

ஒரு விவசாயி காலில் விழுந்து தெலுங்கில் கேட்டார், போர் போட்டால் தண்ணீர் வருமா என்று. எனக்குத் தெரிந்த தெலுங்கெல்லாம் ரிசப்ஷன் தெலுங்கு. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"பரகடுபுனா ரா. சாயந்த்ரம் ரிப்போர்ட் ஒஸ்துந்தி."

வெறும் வயிற்றோடு வா, சாயங்காலம் ரிப்போர்ட் வரும். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்.

அடுத்து வந்து கை கூப்பி நின்றவர் என் மாமியார்.

"தாயே, எம்மருமவ சனிக்கெயமக்கு சனிக்கெயம எங்க போறா? நீதான் சொல்லணும்."

மஞ்சள் தண்ணீர் கண்ணில் எரிந்தது. பொய் சொன்னால் அம்மனுக்கு அவமரியாதை, உண்மையைச் சொன்னால் எனக்கு.

"அவுள கேக்காத," என்று உறுமினேன். "போவ உடு. அவுளுக்கு அது வோணும்."

கடைசி வார்த்தையில் என் குரல் உடைந்தது. அது நடிப்பு இல்லை. அத்தை என்னை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"உத்தரவு, தாயே," என்றார். நெற்றியில் குங்குமம் வைத்தார்.

மறுநாளே மறுத்திருப்பேன். ஆனால் அந்த விவசாயி மறுநாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போர் போட்டார். சாயங்காலம் சரியாகத் தண்ணீர் வந்துவிட்டது. அதற்கப்புறம் யாரிடம் போய் என்ன சொல்வது?

அடுத்த சனிக்கிழமை காலை நான் கிளம்பும்போது, அத்தை புதுப் புடவையில் வாசலில் நின்றார்.

"நானும் கேம்ப்புக்கு வரேன். எனுக்கும் சக்கர கீது."

இப்போது காபிக் கடை மாடியில் முதல் நாற்காலி அவருடையது. டிரம்ஸ் சத்தம் குறைந்தால் அதட்டுகிறார். போன மாதம் பஸ்ஸில், ஆளுக்கு ஒரு காதாக இயர்போன் மாட்டியிருந்தபோது (புது இயர்போன், அவர் வாங்கித் தந்தது) கேட்டேவிட்டேன்.

"அத்த, அன்னிக்கு நெஜமாவே சாமின்னு நம்பினீங்களா?"

"எந்த ஊரு சாமிடி கண்ணாடியக் கயட்டி, மடிச்சி, டப்பாவுல போட்டு, ஜிப்பு இசுத்துட்டு வரும்?"

இதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து, முகம் கழுவுவதற்காக நான் கண்ணாடியைக் கழற்றினால்கூட, என் மகள் சமையலறையில் இருக்கும் பாட்டிக்குக் குரல் கொடுக்கிறாள்: "ஆயா, மஞ்சத்தண்ணி."