இரண்டாகத் தெரிய வேண்டிய புள்ளி

நுண்ணோக்கியில் கண்ணை வைத்த சித்தப்பா சட்டென்று நிமிர்ந்தார். உள்ளே கும்மிருட்டு.

அவர் அங்கே யாருக்கும் சித்தப்பா இல்லை. இருபத்திரண்டு வருஷமாக அந்த ஆய்வகத்தில் குடுவை கழுவி, கருவிகளைத் துடைத்து வைக்கும் உதவியாளர். ஆனால் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

இருட்டுக்குள் கிடந்தது ஆய்வகத் தலைவி டாக்டரம்மாவின் படிகம். எள்ளளவுதான். உலோக முடிச்சுகளுக்கு நடுவே தட்டையான மூலக்கூறுகளை, அலமாரியில் தட்டு அடுக்குகிற மாதிரி ஒரே பக்கம் பார்க்க அடுக்கிக் கட்டிய சட்டகம். ஒளி ஒரு திசையில் அதிர்ந்தால் அதற்குள் விறுவிறுவென்று ஓடும். குறுக்கே அதிர்ந்தால் தவழும். அதனால் ஒரே கதிர் இரண்டாகப் பிரியும். இதை முதலில் காகிதத்தில் வரைந்து, மூன்று வருஷம் மல்லுக்கட்டி, வளர்த்தும் காட்டிவிட்டார் டாக்டரம்மா.

"வரைஞ்ச மாதிரியே வளருதுடி! நாம பெத்ததுங்ககூட அப்படி வளரலை" என்று சித்தப்பா வீட்டில் சொல்லிச் சொல்லி மாய்ந்து போவார்.

பக்கத்து அறையில் மதிப்பீட்டுக் குழுவின் நான்கு பேருக்கு டாக்டரம்மா விளக்கிக்கொண்டிருந்தார். இருபது நிமிஷத்தில் இங்கே வருவார்கள். நுண்ணோக்கியில் குறுக்கும் நெடுக்குமாக, ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் இரண்டு வடிகட்டிகள். சாதாரணக் கண்ணாடித் துண்டு அதில் இருட்டாகவே கிடக்கும். இந்தப் படிகம் பளீரென்று ஒளிர வேண்டும். ஒளிராவிட்டால் இன்றோடு திட்டத்துக்கு மூடுவிழா.

சித்தப்பா லென்ஸைத் துடைத்தார். இருட்டு. விளக்கைக் கூட்டினார். கூட்டிக்கொண்டே போனார். 'டப்' என்று பல்பு போனது. வேறு பல்பு மாட்டினார். அது ஜோராக எரிந்தது. படிகம் மட்டும் மசியவில்லை.

"தாயே, கொஞ்சம் நகர்ந்துக்க" என்று இடுக்கியால் பிடித்தார். விருட்டென்று எகிறி எங்கோ போய் விழுந்தது.

தரையில் மண்டியிட்டு, ஒட்டும் டேப்பை இரண்டு சாண் கிழித்து, மேசைக்கடியில் ஒற்றி ஒற்றி எடுத்தார். தூசி, முடி, நூல் எல்லாம் வந்தது. டேப்பை அப்படியே நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்.

இப்போது எல்லாமே ஒளிர்ந்தது! டேப், நூல், யாரோ ஒருவரின் தலைமுடி எல்லாம் சேர்ந்து ஒரே வாணவேடிக்கை. இதில் படிகத்தை எங்கே தேட? மறுபடி மேசைக்கடியில் புகுந்தார்.

கதவு திறந்தது. குழுவினரோடு டாக்டரம்மா.

"சித்தப்பா, கீழ என்ன பண்றீங்க?"

"அம்மா... படிகம் எகிறிடுச்சும்மா. டேப்புல இருக்கோ, இல்லையோ..." என்று நுண்ணோக்கியைக் காட்டினார்.

குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டாக்டரம்மா ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. நாற்காலியை நுண்ணோக்கி முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வடிகட்டிகளை உருவினார். காகிதத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து டேப்புக்கு அடியில் சொருகி, டேப்பை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினார்.

"ஒளிரத்தான் எல்லாத்துக்கும் தெரியும், கதிரை இந்த அளவுக்குப் பிரிக்க இது ஒண்ணாலதான் முடியும். புள்ளியை ரெண்டாக்கிக் காட்டட்டும் பார்ப்போம்... ஒண்ணு... ஒண்ணு... ஒண்ணு..."

எல்லோரும் நாற்காலியைச் சுற்றி நெருங்கி நின்றார்கள்.

"ரெண்டு!"

குழுத் தலைவர் குனிந்து பார்த்தார். நெடுநேரம் நிமிரவே இல்லை. "அடடா! இவ்வளவு குப்பைக்கு நடுவுலயும் நான்தான்னு சொல்லுதே! இதைவிடப் பெரிய சோதனை வேற என்ன வேணும்? திட்டம் இன்னும் அஞ்சு வருஷம் நடக்கட்டும்."

கைதட்டல் ஓய்ந்ததும் சித்தப்பா மெல்லக் கேட்டார்: "முதல்ல ஏம்மா இருட்டா இருந்துச்சு?"

"தட்டு அடுக்கை மேலேயிருந்து பார்த்தா எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிதானே தெரியும்? படிகம் மல்லாந்து கிடந்தாலும் அப்படித்தான். சாஞ்சு நிக்கணும். நேத்து நீங்க போனப்புறம் ஒரு பொட்டு மெழுகுல சாய்ச்சுத்தான் நிறுத்தி வெச்சேன். இப்ப டேப்புல தானாவே சாஞ்சு ஒட்டியிருக்கு."

சித்தப்பாவுக்கு முகம் சுண்டிப்போனது. "அப்போ காலையில மேசையைத் துடைக்கறப்போ நான்தான் தட்டி விட்டிருக்கேன்."

வாசல்வரை போன தலைவர் திரும்பி வந்தார். டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, குரலைத் தாழ்த்தினார்.

"கோச்சுக்காதீங்கம்மா, ஒண்ணு சொல்றேன். இவ்வளவு அருமையான பொருளை இப்படியா அஜாக்கிரதையா வைக்கறது? ஆர்வம் தாங்காம காலையில முதல் ஆளா வந்து எட்டிப் பார்த்தேன், விழப்போற மாதிரி சாஞ்சு நின்னுட்டிருந்துது. நல்லவேளை, நான்தான் பத்திரமா படுக்க வெச்சுட்டுப் போனேன்!"